லாபம், ரெண்டு, மூணு

தேங்காய் எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், குனிந்து ஆயிரம் காய் எண்ணிவிட்டு நிமிர முடிந்தால் வந்து கேட்கட்டும். எண்ணிப் பிழைக்கும் என் இனமே, உங்களுக்கு இது புரியும். நாங்கள் நான்கு பேர் ஒரே கப்பலில் அந்தமானில் உள்ள திக்லிபூருக்கு வந்து, ஒரே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தோம்.

ஐந்து மீதி

கைக்கு இரண்டாக நாலு காய் எடுத்து எறிந்தால் ஒரு வீச்சு. இருபத்தைந்து வீச்சு நூறு. கடைசியில் மிஞ்சுவது மீதி. முதல் நாள் நான் ரொம்பப் பெருமையாக, "முதலாளி, முந்நூறு, மீதி அஞ்சு" என்று கத்தினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அஞ்சு மீதின்னா, அதுல ஒரு வீச்சு கிடக்குல்ல? நாலைக் கையில வச்சுக்கிட்டு எவளைப் பாத்துக்கிட்டு நின்ன?"

அண்ணனும் தம்பியும்

காய் கொண்டுவந்த இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோப்பு, பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் குவியலில் மூன்று மீதி, தம்பி குவியலில் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் முழுசாக ஒரு வீச்சு, மீதியே இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அண்ணன் நெடுநேரம் அந்த ஒற்றைக் காயையே பார்த்தார். பிறகு தம்பியைப் பார்க்காமலே பேசினார்.

"அவன் காய் தனியாக் கிடக்க வேண்டாம். என் மூணோட போடுங்க."

எட்டு ஓட்டைக் காய்

மீதி மூன்று என்று எண்ணி முடித்த குவியலில் எட்டுக் காய் வெடித்திருந்தது. மறுபடி எண்ணு என்றார் முதலாளி. எட்டு என்பது சரியாக இரண்டு வீச்சு. மொத்தத்தில் இரண்டு வீச்சைக் கழித்தால் போதும், மீதி அதே மூன்றாகவே இருக்கும் என்றேன். நம்பாமல் அவரே எண்ணினார். நான் சொன்னதுதான் வந்தது. அந்த வாரம் என்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்; அதனால் பாராட்டும் அதற்கேற்ப வந்தது.

"கணக்கு சரிதான்டா. ஆனா இன்னொரு புகார் வந்துச்சுன்னா, உன்னையும் கழிச்சு மெயின்லேண்ட் கப்பல்ல ஏத்திருவேன்."

லாப் கிஸ்கா?

மறுவாரமே அந்தப் புகார் வந்தது. ஒன்று என்று தொடங்கினால் விளங்காது என்று எங்கள் ஊரில் முதல் எண்ணை "லாபம்" என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காய் கொண்டுவந்த வங்காளி தாஸ் தாதா, தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன், திடீரென்று என் கையைப் பிடித்தார். "அரே பாய், லாப் கிஸ்கா?" அடே தம்பி, யாருக்கு லாபம் என்கிறார். ஒவ்வொரு நூறிலும் முதல் வீச்சைக் கிடங்குக்கு ஒதுக்குகிறேனாம்!

வீட்டில் அவரும் நாலு நாலாக எண்ணியிருந்தார். எத்தனை வீச்சு என்பது மறந்துவிட்டது, மூன்று மீதி என்பது மட்டும் ஞாபகம். "எனக்கும் மூணுதான், பாருங்க" என்றேன் வெற்றியோடு. அவர் அரைத் தமிழில், "நாலு நாலா திருடினா, மீதி மாறுமா? நானும் ஸ்கூல் போனேன்" என்றார். போன வாரம் நான் முதலாளிக்கு எடுத்த அதே பாடம்! வாசலில் முதலாளி வந்து நின்றார். எனக்குக் கண்முன்னே கப்பல் தெரிந்தது.

"தாதா, நீங்க வீசுங்க, இந்தியில எண்ணுங்க. நான் என் பாஷையில எண்ணுறேன்" என்றேன். அவர் ஏக் என்றார், நான் லாபம் என்றேன். தோ, ரெண்டு. தீன், மூணு. அவருடைய பச்சீஸும் என் இருபத்தைந்தும் ஒரே வீச்சில் விழுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாதா சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஏக் உனக்கு லாபம், சரி. ரெண்டுல இருந்து நாம ஒண்ணுதான், பாய்!"

நான்கு பேராக வந்ததில் மூன்று பேர் கழிந்து மெயின்லேண்ட் போய்விட்டார்கள். மீதி ஒன்று இன்னும் இங்கேதான் எண்ணிக்கொண்டிருக்கிறது, அதுவும் "லாபம்" என்றே.