லாகோ அக்ரியோவில் சொன்ன ‘போட்டு வாறன்’

கனடாவில், நாங்கள் இருக்கும் அஜக்ஸில், காருக்குப் பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கிறது. மனைவி சாந்தி இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். அவளை மூக்கைப் பொத்தவைக்கிற அந்த மணம் எனக்குப் பொரித்த வாழைக்காயையும் ஆற்று மீனையும் கொண்டுவந்துவிடும்.

யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பிக் கனடாவுக்கு வரும் வழியில், காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னை எக்குவடோரில் கைவிட்டுவிட்டுப் போனான். அலைந்து திரிந்து, லாகோ அக்ரியோ என்ற எண்ணெய் ஊரில், மார்த்தா என்பவரின் சாப்பாட்டுக்கடையில் ஒதுங்கினேன். பெற்றோலிய எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் அந்த எண்ணெய் மணக்கும் உடுப்போடு வந்து குந்துவார்கள். நான் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொட்டுவேன். தெருவோரம் ஓடும் எண்ணெய்க் குழாய்கள் சூடாக இருக்கும், சனங்கள் அதில்தான் உடுப்புக் காயப்போடுவார்கள். கடையின் கோடிப்புறத்திலேயே காடு தொடங்கிவிடும். விடிந்தால் பஞ்சவர்ணக்கிளிகள் சோடி சோடியாகக் கத்திக்கொண்டு ஆற்றைக் கடக்கும். மறுபக்கத்தில் வாயுவை எரிக்கும் நெருப்பு இரவுபகலாக நின்று எரியும். பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் கரி மிதக்கும். அழகான ஊர் என்றால் பொய். ஆனாலும், ஆர் எவடம் என்று ஒருத்தரும் கேட்காத அந்த ஊரில்தான் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டேன்.

புறப்படும்போது நாங்கள் ‘போறன்’ என்று சொல்லமாட்டோமே. அந்த வாய்ப்பழக்கத்தில், கனடாவுக்கு வழி கிடைத்துப் புறப்பட்ட அன்று, தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், “போட்டு வாறன்” என்றேன். மார்த்தா தலையாட்டினார். பிறகு அகதிப் பேப்பர், வேலை, வீடு, பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது.

போன மாதம் அவருடைய மகன் முகநூலில் என்னைத் தேடிப்பிடித்தான். வீடியோவில் மார்த்தா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்விறாந்தையில் நான் படுத்த அமாக்கா, அந்த வலைத்தொட்டில், இன்னும் தொங்குவதைக் காட்டினார்.

“வாறன் எண்டுதானே போனனீ. ஆரையும் அதிலை படுக்க விடேல்லை.”

அது எங்கள் வழக்கம், வாக்குறுதியில்லை என்று விளங்கப்படுத்த எனக்கு அந்த மொழி போதாது. போதுமாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருடம் ஒரு பயணத்துக்குத்தான் லீவு இருக்கிறது.

“யாழ்ப்பாணத்திலை உங்கடை அக்கா பாத்துக்கொண்டிருக்கிறா. அவவை விட்டிட்டு அங்கை போகப்போறியளோ?” என்றாள் சாந்தி.

“அக்கா அடுத்த வருசமும் என்னோடை சண்டை பிடிப்பா. மார்த்தாவுக்கு உடம்பு வருத்தம் கடுமையாம். மகன் எழுதியிருக்கிறான்.”

சாந்தி எழும்பிப் போய்க் குசினி அலுமாரியைத் திறந்தாள். பிறகு, “அவவுக்கு எங்கடை மிளகாய்த்தூள் ஒத்துவருமோ?” என்று கேட்டாள்.

எக்குவடோருக்கு டிக்கெட் போட்டேன். நேற்று வேலையிடத்தில் லீவு சொன்னபோது, கூட வேலை செய்யும் செல்வம் அண்ணை, “என்ன, ஊருக்கோ?” என்றார்.

“ஓம் அண்ணை, ஊருக்குத்தான்” என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.