மச்சாளின் பத்து நகங்கள்

யுத்தம் முடிவதற்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்திய காலம் அது. நானும் கணவரும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரைக் கண்டாலும் அவர் உடுப்பதையும் நடப்பதையும் திருத்தாமல் விடமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததற்குப் பாதிக் காரணம் என்னுடைய இந்தக் குணம்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நகம் வளராது. கொஞ்சம் நீண்டால் வெங்காயத் தோல் மாதிரிப் பிரிந்து உடைந்துவிடும். கனடாவில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டா. உள்ளே பில்டர் ஜெல் என்ற ஒரு கெட்டியான பசை, இரண்டு மூன்று சின்னப் போத்தல்கள், ஒரு விளக்குப் பெட்டி. பசையை இயற்கை நகத்தின் மேல் பூசி, விரலை அந்தப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் வைத்தால் நீல வெளிச்சத்தில் இறுகி, நகத்துக்கு ஒரு கவசம் மாதிரி ஆகிவிடும். நான் பின்னேரங்களில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருந்தேன். டொக்டர் ஓட்டைப் பல்லை அடைத்துவிட்டு நீல வெளிச்சம் காட்டி இறுக்குவதைத் தினமும் பார்ப்பவள் என்பதால், இது ஒன்றும் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

பெரிய வித்தைதான் என்று முதல் நாளே தெரிந்தது. பசை தோலெல்லாம் வழிந்து, மூன்று விரல்கள் அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புளுக்கொடியல் மாதிரி வந்தன. கணவர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்ததே கோபம்! விடாமல் பழகினேன். நகத்தின் மேற்பரப்பை மெதுவாக அராவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து இறுக்கி, பிறகு நடுநகத்தில் ஒரு துளி பசையை வைத்துத் தோலில் முட்டாமல் பரப்ப வேண்டும். மூன்றாம் தடவை என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மச்சாள் வந்தாள். கணவரின் ஒரே தங்கச்சி, இருபத்து நான்கு வயது. மாமாவும் மாமியும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சிப் பக்கம் இருந்தார்கள். இவள் இரண்டு வருடமாக வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் இருந்து, அவர்களுடைய தோட்டத்தில் வேலை செய்தாள். கனடாவில் ஒரு நல்ல பொடியனைப் பேசி, பதிவுக் கலியாண எழுத்தும் முடிந்திருந்தது. தூதரகத்தில் நேர்முகம், அதற்கு முன் மருத்துவச் சோதனை. அதற்காகத்தான் கொழும்புக்கு வந்தாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு தாய் தகப்பனையும் எப்படியாவது எடுக்கலாம் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் ஒரே நம்பிக்கை. வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டிய காலம், வந்த அன்றே பதிந்தோம். தொழில் என்ற இடத்தில் கணவர் உள்ளபடி விவசாயம் என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அண்ணனும் தங்கச்சியும் பஸ்ஸில் போகும்போது எல்லாரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று கண்டதும் ஒரு பெண் பொலிஸ் இவளுடைய கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில் அப்படித்தான், கை, முழங்கை, முழங்கால் எல்லாவற்றிலும் இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்த காய்ப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். மண்வெட்டி பிடித்த கை வேறு எப்படி இருக்கும்? கணவருக்கு நல்ல சிங்களம் வரும், எப்படியோ கதைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. இரண்டு கையையும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இருந்தாள்.

அவ்வளவுதான், நான் இறங்கிவிட்டேன். இவளைக் கொழும்புப் பெண்ணாக்கிக் காட்டுகிறேன் பார் என்று தலைமயிரைத் தோள்வரை வெட்டுவித்தேன். வெளியில் போகும்போது, தமிழ் என்று காட்டிக்கொடுக்கும் பொட்டை எடுக்கச் சொன்னேன். என்னுடைய ஹேண்ட்பேக் ஒன்றைக் கொடுத்தேன். கடைசியில் நகத்துக்கு வந்தேன்.

"அண்ணி, எனக்கு உது வேண்டாம். என்ரை கைக்கு உது பொருந்தாது" என்றாள்.

"நீ கதையாமல் இரு. உன்ரை கையைப் பாத்துத்தானே அண்டைக்கு மறிச்சவள்?" என்று அதட்டினேன்.

அவளுடைய நகங்கள் என்னுடையதைவிட மோசமாக இருந்தன. குறுக்கே வரிவரியாக, நுனி பிய்ந்து, இரண்டு விரலில் சதை தெரிந்தது. அப்படி மெலிந்த நகத்தில் பசை இறுகும்போது உள்ளே சூடு ஏறும். எனக்கே சில வேளை கையை வெடுக்கென்று இழுக்க வரும். அவள் இழுக்கவேயில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"சுடுதே?"

"இல்லை அண்ணி, நீங்கள் செய்யுங்கோ."

முடிந்தபோது பத்து நகமும் இளஞ்சிவப்பில் மினுங்கின. அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை மருத்துவச் சோதனையின் அறிக்கையை எடுக்க ஹெவ்லொக் டவுன் பக்கம் போக வேண்டியிருந்தது. கணவருக்கு லீவு இல்லை. நான் கூடப் போயிருக்கலாம். எனக்கு வேலை பின்னேரம்தானே? ஆனால் உடுப்புத் தோய்க்கக் கிடந்தது. "இப்ப உன்னைப் பாத்தால் ஆரும் சந்தேகப்படமாட்டினம், தனியப் போட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். வாசலில் நின்று ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். போ போ என்று கையைக் காட்டினேன்.

வழியில் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். அடையாள அட்டை கிளிநொச்சி, பதிவுத் துண்டில் விவசாயம், விரலில் வெளிநாட்டு நகம். "மேவா கொஹெந்த?" என்று கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் எங்கேயிருந்து என்று அர்த்தம். அவளுக்குச் சிங்களம் தெரியாது. கையை மட்டும் பார்த்திருந்தால் தோட்டக்காரி என்று விட்டிருப்பார்களோ என்னவோ. அந்தக் கையில் அந்த நகத்தைக் கண்டதும், வேஷம் போட்டு வந்தவள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த வேஷத்தைப் போட்டுவிட்டவள் வீட்டில் நின்று உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பதினொரு மணி போலக் கணவர் போன் எடுத்தார். தங்கச்சியைப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள், நான் நேரே அங்கே போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவரைப் பிடித்தால் அடுத்தது வீட்டைச் சோதிக்க வருவார்கள். அதற்கு முன் வீட்டைத் துப்புரவாக்க வேண்டும். எங்களுக்கு அது கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டிருந்தது. மாமி எழுதிய கடிதங்களைக் கிழித்து டொய்லெட்டில் போட்டேன். கிளிநொச்சியில் எடுத்த கலியாணப் படங்களை எரித்தேன். ரேடியோ பற்றரிகளைக்கூட எடுத்து ஜன்னலால் எறிந்தேன். அப்போதுதான் அந்த விளக்குப் பெட்டி கண்ணில் பட்டது. வயர், நேரம் வைக்கும் பட்டன், பக்கத்தில் மணக்கும் போத்தல்கள், வாசிக்கத் தெரியாதவனுக்கு எதையும் காட்டக்கூடிய வெளிநாட்டு எழுத்து. ஐயோ, குண்டு செய்யும் சாமான் என்றல்லவா சொல்வார்கள்!

கீழே மாநகர சபைக் குப்பை லொறியின் சத்தம் கேட்டது. பெட்டியையும் போத்தல்களையும் பழைய பேப்பரில் சுற்றி, மேலே மீன் கழிவைக் கொட்டி, மூன்று மாடியும் ஓடி இறங்கி என் கையாலேயே லொறியில் போட்டேன். மேலே வந்த பிறகுதான் என் விரலைப் பார்த்தேன். என் நகத்திலும் அதே மினுக்கம். அந்த ஜெல் எதிலும் கரையாது, மெதுவாக அராவித்தான் எடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை இருக்கவில்லை. நகவெட்டியை அடியில் கொடுத்து நெம்பினேன். ஜெல்லோடு நகத்தின் மேல் தோலும் உரிந்து வந்தது. ஐந்தாறு விரலில் இரத்தம்.

ஒரு மணிக்கு மறுபடியும் போன்.

"கேளப்பா, பயப்பிடாத. தங்கச்சி உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். இங்க பொலிஸ் பெரியவர் ஒருத்தர் நல்ல மனுசன். வீட்டில செய்தது எண்டால் அந்த மெஷினைக் கொண்டு வந்து காட்டுங்கோ, பாத்திட்டு விடுறன் எண்டு சொல்லுறார். மெஷினையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடிவா."

ஜன்னலால் கீழே பார்த்தேன், லொறி எப்போதோ போய்விட்டிருந்தது.

"என்ன, கேக்குதே?"

"மெஷின் இல்லையப்பா" என்றேன்.

லொறி போன பக்கமெல்லாம் ஓட்டோவில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. என் நகத்தையாவது காட்டலாம் என்றால் அதில் என்ன மிச்சம்? துணி சுற்றிய விரல்களை அந்தப் பெரியவர் அவிழ்க்கச் சொன்னார். பார்த்தார். ஏன் பிய்த்தாய் என்று கணவரைக் கொண்டு கேட்பித்தார். பயத்தில் என்றேன். "பய வெண்ட மொகக்த?" என்றார், பயப்பட என்ன இருக்கிறது என்று. நான் துணியை எடுத்து விரல்களில் திரும்பச் சுற்றினேன். அதற்குப் பிறகு அவர் எங்களோடு கதைக்கவில்லை. மச்சாளை எனக்குக் காட்டவும் இல்லை.

நான் வேலை செய்த கிளினிக்கின் டொக்டர் சிங்களவர். விஷயத்தைச் சொன்னதும், இப்படி ஒரு பசையும் விளக்கும் உலகத்தில் உண்டு, பெண்கள் நகத்துக்குப் போடுவது என்று விளக்கி, தன் பெயர் போட்ட தாளில் கடிதம் எழுதித் தந்தார். தானே கூட வந்தார். அதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டிருந்தது. தடுப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டு அவளைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் பார்க்க விட்டார்கள். ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஜெல் மேலே ஏறி, அடியில் அவளுடைய சொந்த நகம் வெளுப்பாக வளர்ந்திருந்தது. நுனியில் கருப்பாக அழுக்கு ஏறியிருந்தது. அங்குள்ளவர்கள் அந்த நகத்தைச் சொல்லிச் சொல்லியே விசாரிக்கிறார்கள் என்று அழுதாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணி, இதைக் கழட்டுறதுக்கு ஏதாவது கொண்டு வாங்கோ."

அடுத்த முறை மட்டையில் செய்த அரம் ஒன்று கொண்டு போனேன். வாசலில் பறித்து வைத்துவிட்டார்கள். கடைசியில் அவள் பல்லால் கடித்தே எடுத்திருக்கிறாள்.

எட்டு மாதம் உள்ளே இருந்தாள். நேர்முகத் திகதி எப்போதோ போய்விட்டது. பொடியன் வீட்டார் ஐந்தாம் மாதம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, விவாகரத்துக்குக் கடிதம் போட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் போகும் வன்னிப் பாதை மூடிவிட்டது. மாமி யுத்தம் முடிந்த பிறகு ஒரு அகதி முகாமில் இருந்து கிடைத்தா. மாமா கிடைக்கவேயில்லை.

விட்ட அன்று அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளாகத்தான் அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"அங்க ஒரு நீள மர வாங்கில இருத்தினவை அண்ணி. நான் பயப்பிடேல்லை. அண்ணி மெஷினோட வருவா, வந்து காட்டினால் விட்டிடுவினம் எண்டு பக்கத்தில நிண்ட பொம்பிளைக்குக் கையால காட்டிக் காட்டிச் சொன்னனான். நகத்தில ஒரு கீறல் விழக்கூடாதெண்டு ரெண்டு கையையும் மடியில விரிச்சு வச்சிருந்தனான். தண்ணி தந்தவை, அதைக்கூட வாங்கேல்லை. நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும்தானே."

நான் அவளுடைய வெறும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன்.

அவளே கேட்டாள். "அண்டைக்கு மெஷின் பழுதாப் போச்சோ அண்ணி?"

அந்தக் கேள்வியில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. எனக்காக ஒரு காரணத்தை அவளே தேடி எடுத்துத் தந்தாள். கணவர் கதவடியில் நின்று என்னையே பார்த்தார். நான் சொன்ன ஒரே சொல், "ஓம்."

இப்போது அவள் வவுனியாவில் இருக்கிறாள். தாமதமாகத்தான் கலியாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் போன் அவளிடமிருந்துதான் வரும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன், பிள்ளைகளின் சுகத்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். இதை வாசித்தால் அவளுக்குத் தெரியவரும். தெரியட்டும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எனக்கு அன்று ஒரு பத்து நிமிடம் பொறுத்து யோசிக்க முடியவில்லை. இன்றைக்கும் யாராவது "நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும்" என்று அன்பாகச் சொன்னால், மற்றவர்களைப் போல எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. மடியில் விரித்து வைத்த இரண்டு கைகள்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன.