கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் வாழையைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறோம். வாடலக்கா மட்டும் வாழையைக் கொல்லச் சம்பளம் வாங்கினாள். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வாடலக்கா என்ற பெயரையே நாங்கள்தான் வைத்தோம்.

வாழையை வேரிலிருந்து வாட வைக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. ஒரு தோட்டத்து மண்ணில் அது புகுந்துவிட்டால் மருந்தே கிடையாது; ஒரு தலைமுறைக்கு அங்கே வாழை உருப்படாது. ஆனால் காட்டில் ஒரு வாழை இருக்கிறது. பழம் முழுக்கக் கொட்டை, வாயில் வைக்க முடியாது, ஆனாலும் இந்த வாடல் அதை ஒன்றும் செய்வதில்லை. அந்தக் குணத்தைத் தரும் மரபணுவை நாம் சாப்பிடும் வாழைக்குக் கொண்டுவரத்தான் கலப்புச் செய்து கன்று கன்றாக வளர்க்கிறோம். எந்தக் கன்றுக்கு அந்த மரபணு வந்திருக்கிறது என்று மெஷினில் பார்ப்பது என் வேலை. மெஷினை மட்டும் நம்பினால் கதை கந்தலாகிவிடும் என்பதால், நோயை ஊற்றிப் பார்ப்பது அக்கா வேலை. கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்ப்பாள், தண்ணீரில் கரைப்பாள், கன்றின் வேரில் ஊற்றுவாள். பெரும்பாலும் எல்லாம் செத்துப்போகும். வாரிப் போட்டு எரித்துவிட்டு அடுத்த தொட்டிகளை அடுக்குவாள்.

ஒரே ஒரு கன்று மட்டும், எத்தனை தடவை ஊற்றியும் மூலைத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் என்னிடம் பேசுவதற்கு முன்னால் அதனிடம் பேசிவிடுவாள்.

நோய் ஊற்றும் தொட்டிகள் இருக்கும் பசுமைக் குடிலில் வேலை செய்கிறவர்கள் எந்த வாழைத் தோட்டத்திலும் கால் வைக்கக் கூடாது. செருப்பில் ஒட்டிய துளி மண் போதும், ஊரையே அழித்துவிடும். எங்களுக்கு அது வெறும் விதி. அக்கா பிறந்த வீடோ ஒரு வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. கட்டியவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் இருந்த தம்பிதான் அவளுக்கு மிச்சம்.

"விதி தோட்டத்துக்குத்தானேக்கா, வீட்டுக்கு இல்லையே" என்று நான் வாதாடியிருக்கிறேன்.

"தோட்டத்துல கால் வைக்காம வீட்டுக்குப் பறந்தாடி போக முடியும்?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக் கேட் வரைக்கும் போவாள். தம்பி இரண்டு நாற்காலி கொண்டுவருவான். ஒன்றைச் சாலையோரம் அவளுக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றில் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்துகொள்வான். இருவரும் கம்பிக்கு நடுவே பேசுவார்கள். அம்மா இறந்த அன்றும் அவள் உள்ளே போகவில்லை. தம்பி அம்மாவை ஏற்றிய வண்டியைக் கேட்டில் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்படிக் கண்ணில் வைத்துக் காத்த தோட்டத்தில் போன மழைக்காலத்தில் வாடல் வந்தது. இலை மஞ்சளாகித் தொங்கியது. தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பு. "உங்க அக்கா கொண்டாந்து விட்டதுதான்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தம்பி காதுபடவே பேசினார்கள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. "வளர்த்தவ நான்தானே. சாலையில உக்காந்திருந்தப்ப என் கால்லேருந்து போயிருந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போயிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

தம்பி கொடுத்த தண்டுத் துண்டு பையில் சீல் வைத்து என்னிடம் வந்தது. எங்கள் தட்டுகளில் இருக்கும் ஒவ்வொரு பூஞ்சையின் மரபணுவும் எங்களுக்கு அத்துப்படி. ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் பார்த்து முடிக்கும்வரை அவள் என் அறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றாள்.

"நம்மளுது இல்லக்கா. இது வேற வகை. விலைக்கு வாங்கின கன்னோட வந்திருக்கும்" என்றேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"டேய், என்கிட்டேருந்து வரலடா."

"நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லலடா."

"மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டாச்சு. இனிமே இங்க வாழையே கிடையாது. இப்பவாவது வீட்டுக்கு வரலாம்ல?" என்றான் தம்பி.

அந்த மண்ணில் இருப்பது எங்களிடம் இல்லாத வகை. அதை மிதித்துவிட்டு இந்தக் குடிலுக்குள் வந்தால், இத்தனை வருடச் சோதனையும் குட்டிச்சுவராகிவிடும். பிடிவாதக்காரி எந்த நோயைத் தாங்கினாள், எதைத் தாங்கவில்லை என்றே சொல்ல முடியாது. அக்காவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். மூலைத் தொட்டி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வர்றேன்டா. நாற்காலிய உள்ள போடு."

அதிகாரி எவ்வளவோ சொன்னார். போய்விட்டு வரட்டும், கொஞ்ச நாள் விலகி இருந்து, குளித்து, துணியெல்லாம் மாற்றித் திரும்பட்டும் என்றார். "ஒரு நாளைக்குப் போயிட்டு வர்ற வீடா சார் அது?" என்றாள். பிடிவாதக்காரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். நோய் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது என்னை வாடல் என்கிறார்கள்.

பல வாரம் கழித்து ஒரு மத்தியானம் நிலையத்து வாசலில் வந்து நின்றாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டும் உள்ளே வரவில்லை. நான் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஒன்றை வெளியே போட்டேன். அவள் உட்கார்ந்தாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே நான் உட்கார்ந்தேன்.

"பிடிவாதக்காரி நிக்கிறாளா?"

"நிக்கிறாக்கா. புது இலை விட்டிருக்கா."

"ஓரம் மஞ்சளா?"

"நல்ல பச்சை."

தலையாட்டிக்கொண்டாள். தம்பி கிழங்கு போட்டிருப்பதையும், அம்மாவின் அறையில் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருவதையும் சொன்னாள். மூலைத் தொட்டியை எட்டியாவது பார்க்க முடியுமா என்று கம்பி வழியாகத் தலையைச் சாய்த்தாள். இங்கிருந்து தெரியாது.

எழுந்தபோது, "ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்டி" என்றாள். சொன்ன வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

நான் என் நாற்காலியை மட்டும் உள்ளே எடுத்து வந்தேன். அந்தத் தோட்டத்து மண் ஒட்டியிருக்கலாம், அவள் உட்கார்ந்ததை நான் தொடக் கூடாது. அது இன்னும் கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.