நரம்பைத் தட்டும் விரல்கள்

இன்று காலை தரமணியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி வகுப்பு. ரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றி. ரப்பர் பொம்மையின் வயிற்றைக் கிள்ளித் தூக்கி, தோலுக்கடியில் ஊசி போட்டுப் பழகினார்கள். ஸ்பிரிட் வாசனை எழுந்ததும் எனக்கு மந்தைவெளி ஆஸ்பத்திரியின் மாடி அறை நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கேதான் முதன்முதலில் வகுப்பெடுத்தேன். எல்லோருக்கும் பென்சில் சீவி வைத்திருந்தேன். அப்படி ஒரு பைத்தியம் நான். அப்போதெல்லாம் மருந்து கைநரம்பில்தான் ஏறும். நரம்பு எழும்ப முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டுவது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். இந்த நோயாளிகளுக்கோ அந்தத் தட்டே ரத்தக்கட்டாகிவிடும். தட்டக் கூடாது என்றேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கையில் ஒருவர் பழகச் சொன்னேன், எல்லோரும் தட்டினார்கள். செய்து காட்டப் போன நானும் தட்டினேன். வகுப்பே சிரித்தது. பெருங்குடியிலிருந்து வரும் செல்வி மட்டும் தன் விரல்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அந்தோணி வந்தான். மீன் விற்கும் ஆரோக்கியத்தின் மகன், தி.நகரில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். வலது முழங்கைக்குள் ரத்தம் கசிந்து வீங்கியிருந்தது. இடது கையில் உருப்படியான நரம்பு ஒன்றே ஒன்றுதான். அது உடைந்தால் மருந்து தாமதமாகும். தாமதமானால் வேலை செய்கிற கை மடங்காமல் இறுகிவிடும்.

செல்வி அவன் இடது மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். இரண்டு விரல்களும் தாமாக உயர்ந்தன.

"இன்னா சிஸ்டர், கொசு அடிக்கப் போறியா?" என்றான் அவன், வலியோடே.

விரல்களை மடக்கிக்கொண்டாள். பட்டையைத் தளர்த்தி, வெந்நீரில் பிழிந்த துணியைக் கையில் சுற்றிக் காத்திருந்தாள். வாசலில் ஆரோக்கியம் முந்தானையைக் கடித்தபடி நின்றாள். நான் குறுக்கே புகுந்து சொல்லிக்கொடுக்காமல் இருந்ததே பெரிய விஷயம். செல்வி மெல்லத் தடவத் தடவ நரம்பு தென்பட்டது. முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது.

மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அதுவரை அவன் கடைக்கு வருபவர்களைப் போலப் பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தான். ஊசியை எடுத்ததும் செல்வி வழக்கம்போல் கையை மடக்கச் சொல்லவில்லை. பஞ்சை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்குக் கை நோவுது, ஆனா வுடாம புடிச்சிக்கினு கீது பாரு இந்தப் பொண்ணு," என்றாள் ஆரோக்கியம் என்னிடம்.

முழங்கை பிழைத்தது. அதன்பின் பல வருடங்கள் வந்தான். பெண் பார்க்கப் போனது, கல்யாணம், அம்மாவுக்குச் சர்க்கரை என்று எல்லாம் அந்த மெதுவான நேரத்தில்தான் எங்களுக்குத் தெரியவந்தன.

போன மாதம் வந்தபோது புது மருந்து, வயிற்றில் ஒரு சின்ன ஊசி, ஒரு நிமிட வேலை. சட்டையை இறக்கிவிட்டு, கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். நல்லதுதான், நாங்கள் வேண்டியதும் இதைத்தானே. அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது.