நடுவழியில் ஒரு நிறுத்தம்

சிறுநீரகத்துக்குக் கீழே கல் அடைத்துக்கொண்டதால், பஸ் ஓட்டும் ஒரு பெண்ணுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீர் தடையின்றி இறங்க, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளே செருகி வைக்கும் மெல்லிய குழாய் அது. அடைப்பு விலகியது, ஆனால் புதுத் தொல்லை வந்து சேர்ந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. சிறுநீரை அடக்கவே முடியவில்லை.

“குழாயை எடுக்கற வரைக்கும் இப்படித்தாம்மா இருக்கும். தண்ணி நிறைய குடிங்க. காய்ச்சல் வந்தா உடனே ஓடி வாங்க,” என்றார் டாக்டர்.

டெப்போ மேலாளரோ, “தண்ணியைக் குறைச்சுக்கோம்மா. வழியில வண்டியை நிறுத்தக் கூடாது,” என்றார்.

“முடியாது சார். குடிப்பேன், நிறுத்துவேன்.”

மறுநாளே பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். திரும்பி வந்தபோது முன் சீட்டுக்காரர் கடுகடுத்தார். “எங்க அவசரம் உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியுதுண்ணே. என் அவசரம்தான் உங்களுக்குத் தெரியல!”

பஸ்ஸே சிரித்தது.

மேலாளர் கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. மற்ற ஓட்டுநர்களும், “எங்களுக்கும்தான் சார் முட்டுது,” என்று அவள் பக்கம் வந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல், எல்லா வண்டிகளுக்கும் பங்க் அருகே ஒரு நிறுத்தம் ஒதுக்கினார் மேலாளர்.

அடுத்த மாதம் ஸ்டென்டை எடுத்தார்கள். அந்த நிறுத்தத்தை மட்டும் யாரும் எடுக்க அவள் விடவில்லை.