பெருமாளை ஓடவிடச் சொன்னவர்

நகரியில் எங்கள் விசைத்தறி நின்றுபோனதும் குடும்பத்தோடு திருப்பதிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரருக்குச் சரியான வேலை அமையவில்லை. பத்தாவதும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் படித்திருந்த நான்தான் வலைப்பக்கம் செய்துதரும் கடையொன்றில் சேர்ந்தேன். அந்த வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது.

என் வேலை சி.எஸ்.எஸ். எழுதுவது, அதாவது பக்கத்தில் எது எங்கே எப்படி நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்பு. படத்துக்கு ‘லெஃப்ட்’ என்று போட்டு ஓர் எண் கொடுத்தால் இடது ஓரத்திலிருந்து அவ்வளவு தள்ளி நிற்கும். மைனஸ் போட்டால் திரைக்கு வெளியே ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து அனிமேஷன் வைத்து இழுத்தால் ஓடிவரும். எங்கள் கடைக்கு வரும் லாட்ஜ்காரர்களுக்கு இந்த ஓட்டத்தில் அப்படியொரு பைத்தியம். எழுத்து ஓட வேண்டும், பூ கொட்ட வேண்டும், கட்டில்கூடக் குதிக்க வேண்டும்.

அப்படி வந்தவர்தான் அவரும். கழுத்தில் விரல் தடிமனில் சங்கிலி, நெற்றியில் பெரிய நாமம். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய லாட்ஜ் பக்கத்தில் நான் பெருமாள் படத்தை மேலே நடுவில் நிறுத்தியிருந்தேன்.

“இன்னாம்மா, சாமி சும்மா நின்னுகினே கீறாரு? லெஃப்ட்லருந்து ஓடியாந்து, ரெண்டு குதி குதிச்சிட்டு, ரைட்ல பூடணும். அப்பால ரூம் ரேட் வரணும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “சாமிய எப்படிங்க குதிக்க வைக்கிறது?”

“ஒரே எடத்துல நின்னா எவன்மா பாப்பான்?”

திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார் இந்தக் கேள்வியை! நின்ற இடத்தை விட்டு அசையாதவரைப் பார்க்கத்தான் ஊர் உலகமே வரிசையில் கால் கடுக்க நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் படுக்க இடம் வாடகைக்கு விட்டுத்தான் இவர் வயிறு வளர்க்கிறார்.

கடை முதலாளி தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். “கஸ்டமர் சொல்றத செய்மா. முடியலன்னா நாளைக்கு வராத.”

பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. கோவிந்தா என்று சொல்லி விசைப்பலகையில் கை வைத்தேன். விரல் அசையவில்லை.

“மன்னிச்சிக்கோங்க. ரூம் ரேட்ட வேணா குதிக்க வைக்கிறேன். அவர என்னால ஆட்ட முடியாது.”

லாட்ஜ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி வுடும்மா, சாமியே வேணாம். தூக்கிடு. ஸ்விம்மிங் பூல் படம் ஒண்ணு போடு, அது ஓடியாரட்டும்.” நாமம் போட்ட நெற்றி சுருங்கக்கூட இல்லை.

“உங்க லாட்ஜ்ல பூல் கீதுங்களா?”

“படத்துல இருந்தா போதும்மா.”

பெருமாளைப் பத்திரமாக எடுத்துவிட்டேன். எந்த நாட்டுக் குளமோ, ஒன்றைத் தேடிப்பிடித்து மைனஸில் ஒளித்து, ரெண்டு குதிக்கு அஞ்சாகவே குதிக்க வைத்தேன். “சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாகீது!” என்று தெலுங்கும் தமிழுமாகக் கைதட்டினார் அவர். முதலாளியும் பல்லைக் காட்டினார், வேலை போகவில்லை. இல்லாத தண்ணீரைக் குதிக்க வைக்க எனக்கென்ன வந்தது?