கிளெனிஸின் போகாத அஞ்சல்

கிளெனிஸ் ஹாபின் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். தெற்கு ஆஸ்திரேலியாவின் லமரூ வட்டாரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுவதும் டென்னிஸ் கிளப்பின் செயலாளர் வேலையும் அவளிடம் இருந்தன. கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் பாதிப் பேர் தேநீர்க் கோப்பைக்குள் பார்வையை இறக்கிவிடுவார்கள்.

வீட்டுக்குக் கணினி வந்ததே கிளப்புக்காகத்தான். ஆட்ட விவரங்களை ஊர் ஊராகப் போனில் படித்துச் சொல்லி அலுத்துப்போய் மின்னஞ்சலுக்கு மாறியிருந்தாள். முதலில் சேர்ந்த இணையக் கம்பெனி அடிலெய்டில் இருந்ததால் போன் லைனில் இணையத்துக்கு டயல் செய்யும்போதெல்லாம் வெளியூர்க் கட்டணம். உள்ளூர்க் கட்டணத்தில் வேறொரு கம்பெனி வந்ததும் அதற்கு மாறச் சொன்னான் கணவன் மெர்வ். கிளெனிஸ் டயல் எண்ணை மட்டும் மாற்றினாள். மின்னஞ்சல் முகவரி ஊருக்கெல்லாம் தெரிந்தது என்பதால் பழைய கம்பெனியுடையதையே வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் வருகிற அஞ்சல் ஒழுங்காக வந்தது. போகிற அஞ்சல் போகவில்லை. மோடம் கீச்சிட்டு இணையும், திரையில் ஒரு பெட்டி எழும்பி ஏதோ பிழை என்று சொல்லும், எழுதியது அப்படியே தேங்கிக் கிடக்கும். பண்ணையில் அறுவடைக் காலம். உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. கிளெனிஸ் மறுபடி போனை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஹோபார்ட்டிலிருந்து தங்கை ஏவிஸின் அஞ்சல் வந்தது. வெகுகாலம் தனியாக இருந்தவள். நடைப்பயிற்சிக் குழுவில் பழக்கமான, மனைவியை இழந்த ராய்ஸ் என்பவரை மார்ச்சில் மணக்கப்போவதாக எழுதி, நீ என்ன நினைக்கிறாய் என்று முடித்திருந்தாள்.

கிளெனிஸ் நின்றபடியே பதிலைத் தட்டினாள். இந்த வயதில் இது தேவையா, அவருக்கு மனைவி போன ஈரம் காயவில்லை, அந்த ஆளுக்கு வேண்டியது ஒரு சமையல்காரி, என்னை எதிர்பார்க்காதே. அதுவும் போகவில்லை. மறுநாள் பேருந்து ஓட்டும்போது, கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று உறுத்தியது. மாலையில் இன்னொன்று எழுதினாள்: திடுக்கிட்டுப்போனேன், நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கும் சரி. அது முந்தையதன் பின்னால் போய் நின்றது. வேலை நெருக்கடியில் இரண்டையும் மறந்தே போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஏவிஸ் போன் செய்தாள். "நீ எகிறுவேன்னு பயந்தேன். பதில் போடாட்டாலும் ஒரு வார்த்தை தப்பா சொல்லாம இருந்தே பாரு, அதுக்கு நன்றி கிளென். கல்யாணத்துக்கு வருவேல்ல?"

"வர்றேன்," என்றாள் கிளெனிஸ். போகாமல் கிடந்த கடிதங்களைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்தாள்.

ஜனவரியில் புதிய கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்த பெண்ணின் பெயர் நரெல்.

"எந்த லைன்ல நெட்டுக்குள்ள வர்றீங்களோ, அவங்க வழியாத்தான் வெளிய அனுப்ப முடியும் கிளெனிஸ். வர்ற அஞ்சலுக்குப் பழைய கம்பெனி பேரே இருக்கட்டும். போற அஞ்சல்னு இருக்கற கட்டத்துல மட்டும் எங்க பேரைப் போடுங்க."

"அப்ப என் முகவரி?"

"அது மாறாது."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க இப்பத்தானே கூப்பிடுறீங்க."

வீட்டில் ஒரே லைன். பேசிக்கொண்டே சோதித்துப் பார்க்க வழியில்லை. போனை வைத்துவிட்டு, சொன்னதைத் தட்டி, டயல் செய்தாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டு, பாட்டுக் கேட்டபடி காத்திருந்து, தட்டியதைப் படித்துக் காட்டியபின், நடுவில் ஒரு புள்ளியை விட்டிருப்பதை நரெல் கண்டுபிடித்தாள். கிளெனிஸ் போனை வைத்துவிட்டு, அதைத் திருத்தி அழுத்தினாள். பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது.

"மெர்வ், போகுது," என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள். பழைய டென்னிஸ் விவரங்கள் வரிசையாக வெளியேறின. அடுத்து ஏவிஸின் பெயர் வந்தது. அந்தக் கடிதங்களை அழிக்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. கிளெனிஸ் குனிந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

முதல் கடிதம் போய்விட்டிருந்தது. இரண்டாவது மட்டும் நின்றது.

"என்ன போச்சு?" என்று கேட்டான் மெர்வ்.

"போகக் கூடாதது."

"எழுதினது நீதானே?"

வயரை மாட்டி, ஏவிஸைக் கூப்பிட்டாள். "உனக்கு ஒரு அஞ்சல் வந்திருக்கும். நவம்பர்ல எழுதினது. படிக்காம அழிச்சிடு."

"இப்படிச் சொன்னா யாராவது படிக்காம இருப்பாங்களா?"

"மாட்டாங்க. ராய்ஸைப் பத்தி மோசமா எழுதிட்டேன். மறுநாளே வேற எழுதினேன். அது இன்னும் வரல."

"அப்ப கிறிஸ்துமஸுக்கு நான் நன்றி சொன்னப்ப, அதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தே."

"ஆமா. இருந்தேன்."

ஏவிஸ் போனை வைத்துவிட்டாள். கிளெனிஸ் மறுபடி டயல் செய்து இரண்டாவது கடிதத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.

தினமும் டயல் செய்தும் டென்னிஸ் சமாசாரம்தான் வந்தது. பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. ராய்ஸின் மனைவி இறந்து நாலு வருஷமாகிறது, வீட்டில் சமைப்பது அவர்தான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தாள் ஏவிஸ். வருவதாகச் சொன்னாய், வா. ஆனால் விருந்தில் மணப்பெண் சார்பாக வாழ்த்துரை நீ பேச வேண்டாம், என் பக்கத்து வீட்டுக்காரி பேசட்டும்.

கிளெனிஸ் போனாள். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து, ஏவிஸைப் பற்றி இவளுக்கே தெரியாத இரண்டு கதைகளைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கிளெனிஸும் கை தட்டினாள். ராய்ஸ் அவளருகே வந்து உட்கார்ந்து, மழை எப்படி, ஆடுகள் எப்படி என்று விசாரித்தார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்குத் திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏவிஸ் பழையபடி போன் செய்ய ஆரம்பிப்பதற்குள் ஜூன் மாதக் குளிர்காலம் வந்துவிட்டது.